பதினோரு ஃப்ரேம்

டோன்கோ லசான் செத்து ஆறு வாரம்.
ஸாக்ரெபில், ட்ராம் போகும்போதெல்லாம்
கண்ணாடி அதிரும் ஓர் அறையில்
அவன் படத்தைக் கழுவித் துடைக்கிறார்கள்.
கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பையன் கேட்கிறான்:
"மேடம், இந்தக் கீறலை எடுத்துவிடவா?"
எடு என்கிறேன்.
கீறல்களிடம் எனக்குப் பக்தி கிடையாது.
எங்களுக்குள் கணக்கு வேறு.

பதினாலு வயதில் ரீல் சுமந்தவன்.
ஸ்லாரினுக்கும் பர்விச்சுக்கும் சேர்த்து
ஒரே பிரதி.
ஒரு தீவில் முதல் ரீல் ஓடி முடிந்ததும்
தகரப் பெட்டியை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு
துடுப்புப் போட வேண்டும் அடுத்த தீவுக்கு.
பூரா காற்று மலையிறங்கும் இரவுகளில் படகு போகாது.
பர்விச்சில் ஜனம் பாதிப் படத்தோடு உட்கார்ந்திருக்கும்.
கொலைகாரன் யாரென்று அவர்களே தீர்ப்பு எழுதுவார்கள்,
பெரும்பாலும் வரி வசூலிக்கிறவன்.
"அதுதான் என் பள்ளிக்கூடம்" என்பான் பேட்டிகளில்.
பேட்டிகளில் அவன் வாய் கூசாமல் புளுகுவான்.
இது மட்டும் நிஜம்.
நான் பர்விச்காரி.

முதல் படம் யுத்தப் படம்.
அப்போது யாருக்குமே முதல் படம் யுத்தப் படம்தான்.
க்னின் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர்
காலையில் ஜெர்மன் சீருடையில் செத்தார்கள்;
பீன்ஸ் சூப் குடித்துவிட்டு
மதியம் பார்ட்டிசான் தொப்பியோடு எழுந்து
தங்களையே சுட்டார்கள்.
ஒருவன் மட்டும்
இரண்டு தரப்புக் கூலியும் வேண்டும் என்றான்.
டோன்கோ கொடுத்தான்.

எழுபத்திரண்டில், ஒரு குமாஸ்தா மேஜைமேல் தூங்கும் காட்சி.
பின்சுவரில் தலைவர் படம்.
தூங்கியது குமாஸ்தா,
விழித்துக்கொண்டது கமிட்டி.
ஏழு வருஷம் அவனுக்குப் படமில்லை.
ஓட்டல் நீச்சல் குளங்களை எடுத்தான் ஜெர்மன்காரர்களுக்காக
(இந்த முறை நிஜ ஜெர்மன்காரர்கள், துண்டும் எண்ணெயுமாய்).
மத்தி மீன் டப்பா விளம்பரம் எடுத்தான்.
அதில் டப்பாவைத் திறக்கும் கை
கொஞ்சம் நடுங்கும்.
வேறு யாராயிருந்தாலும் இன்னொரு டேக் போயிருப்பார்கள்.

பிறகுதான் இந்தப் படம்.
ஷிபெனிக்கில் ஒரு மொட்டைமாடி,
ஒருத்தி தனியாகப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள்,
நாலு நிமிஷம், காற்றோடு மல்லுக்கட்டி.
கடைசி மடிப்புக்குப் பிறகு
பதினோரு ஃப்ரேம் அதிகம் என்றேன்.
அரை விநாடிகூட இல்லை.
"கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறாள், நேவென்கா.
அதற்கு நேரம் கொடு."
நாற்பது வருஷம்.
கல்யாண விருந்துகளில், பிணவறை வாசலில்,
ஒருமுறை பல் டாக்டர் வரிசையில்.
இரண்டு பேரை மணந்தான், இரண்டு பேரும் போனார்கள்.
சண்டை நிலைத்தது என்னோடுதான்.

தொண்ணூற்றொன்றில் போன் அறுந்தது.
பெல்கிரேடில் ராதோஷ்,
இங்கே பாதி டப்பிங்கில் அவன் முகம்.
மிச்ச வசனத்தை டோன்கோவே பேசினான்
ராதோஷின் மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து.
கூர்ந்து கேட்டால் தெரியும்:
நாற்பதாம் நிமிஷத்துக்கு மேல்
அந்த ஆளுக்குத் தீவுக்காரனின் இழுவை வந்துவிடும்.
போர் ஓய்ந்ததும் ஒரு கடிதம், ஒரே வரி:
'என் குரலை என்ன செய்தாய்?'
டோன்கோ பதில் போடவில்லை.
ஆஸ்பத்திரியில் அவன் கோட்டை என்னிடம்தான் தந்தார்கள்.
உள்பையில் இருந்தது,
மடிப்புகளில் கிழிந்து.

நேற்று மாலை பையன் சிகரெட் பிடிக்கப் போனான்.
மௌஸ் என் கைக்கு எட்டியது.
வெட்டினேன்.
ஓட்டிப் பார்த்தேன்.
கச்சிதம்.
மடிக்கிறாள், அடுத்த காட்சி வந்துவிடுகிறது,
நான் சொன்னபடியே.
அறையில் யாரும் கத்தவில்லை.
இன்னொரு முறை ஓட்டினேன்.
யாரும் கத்தவில்லை.

பையன் படியேறும் சத்தத்துக்குள்
திருப்பி ஒட்டிவிட்டேன்.
ட்ராம் போனது, கண்ணாடி அதிர்ந்தது,
திரையில் அவள் நிற்கிறாள்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

இப்போதும் அது நீளம்தான், டோன்கோ.